மூன்றாவது குழி

போடிமெட்டு ஏறுகையில்
நாலாவது கொண்டை ஊசி தாண்டியதும் தொடங்கும்,
தகர டப்பாவில் ஏலவிதையைக் கொட்டிக்
குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.
இரண்டாம் கியருக்கு இறக்கினால் அடங்கும்.
ஆக்சிலேட்டரை மிதித்தால் மறுபடி.
பின்னால் பதினோரு பெண்கள்,
மடியில் தூக்குச்சட்டி, கழுத்துவரை ஸ்வெட்டர்.
"ஒச்சம்மா, வண்டி பல்லக் கடிக்குதுடி"
என்றாள் வீருசின்னு.

வைகாசியில் ரேடியேட்டர் கொதித்து
ஹெட் வளைந்துபோனது.
சென்றாயன் லேத்தில் கொடுத்துச் சீவினேன்.
"அரை மில்லிக்கு மேல தொடவேயில்ல,
சாமி சத்தியம்" என்கிறான்.
சத்தியம் செய்கிறவனிடம் அளவு கேட்டால்
கோபம் வரும்.
கேட்டேன். வந்தது.

காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் கொழுந்தன் ராசுமணி.
துண்டில் சுருட்டி ஒரு பியூரெட் கொண்டுவந்தான்.
திங்கட்கிழமை காலையில் திரும்ப வேண்டும்,
உடைந்தால் அவன் சம்பளத்தில் போகும்.
லேத் வாசலில், சென்றாயன் பார்க்கவே,
தார்ப்பாயில் ஹெட்டை மல்லாத்தினேன்.
வால்வு மூடி, ப்ளக் முறுக்கி,
குழி விளிம்பில் கிரீஸ் தடவி
ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகையை அழுத்தினேன்.
மண்ணெண்ணெயில் ரெண்டு சொட்டு சிவப்பு ஆயில்.
குழாயைத் திறந்தேன்.
கடைசிக் காற்றுக்குமிழ் மூலையில் ஒளிந்தது;
ஹெட்டைச் சாய்த்து அதையும் வெளியேற்றினேன்.

ஒரு சிலிண்டர் இழுப்பது இருநூற்று அறுபத்தைந்து சி.சி.
பிஸ்டன் அத்தனையையும் நெருக்கி
ஏற்றுவது இந்தச் சின்னக் குழிக்குள்.
குழி இருபத்தொன்பது, கேஸ்கெட் கனம் ஐந்து,
ஆக முப்பத்து நாலு என்றிருந்தால்
எட்டே முக்கால் மடங்கு நெருக்கம்.
அதுவே முப்பதானால்
பத்துக்கு ஒரு நூல்தான் கம்மி.
அப்போது ப்ளக் மூட்டிய தீ வந்து சேருமுன்
ஓரத்துப் பெட்ரோல் தானாக வெடிக்கும்.
குறைந்தது நாலு சி.சி.
இருமல் மருந்து மூடிகூட நிறையாது.
இருநூற்று அறுபத்தைந்தில் நாலு போனால்
யாருக்கும் தெரியாது.
மிச்ச இடத்தில் போனால்
மலை கண்டுபிடித்துவிடும்.

முதல் குழி இருபத்தாறு.
இரண்டாவதும் இருபத்தாறு.
"மூணு சி.சி.யைத் தின்னுட்டியே
சென்றாயா, இதுவா அரை மில்லி?"
அவன் பீடியைக் கீழே போட்டான்.
பதில் இல்லை.
மூன்றாவது குழி
இருபத்தைந்திலேயே வழிந்தது.
அப்போதுதான் அவன் குனிந்து
விரலால் உள்ளே சுரண்டினான்.
நகம் நிறையக் கரி.
"இது யாரு தின்னது?"

ஆறு மாதமாகப் புகைகிறது என்று தெரியும்.
ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன்,
ரிங் மாற்றக் காசில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.
கருப்பாய், கெட்டியாய், பாறைபோல்
அந்த ஒரு சி.சி. என்னுடையது.

இருவரும் பேசாமல் சுரண்டினோம்.
பித்தளைப் பிரஷ், டீசல், பழைய பனியன் துணி.
மறுபடி அளந்ததில் இருபத்தாறு.
போன மூன்றைத் திருப்பி ஒட்ட முடியாது.
செம்புத் தகட்டில் கனமாக ஒரு கேஸ்கெட்
வெட்டிக் கொடுத்தான்,
இரண்டு சி.சி. திரும்பியது.
கணக்குப்படி ஒன்பது மடங்கு,
ஒரு துளி கூட.
தகட்டுக்குப் பாதிக் காசுதான் வாங்கினான்.
மீதிப் பாதியைப் பற்றி
நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய் விடிகாலை,
நாலாவது வளைவு, மூன்றாம் கியர்.
மிதித்தேன்.
ஏலவிதை சத்தம் இல்லை.
ஏழாவதிலும் இல்லை.
மேலே மூடுபனியில் கேரளாச் சாவடி.
டார்ச் அடித்து உள்ளே பார்த்த போலீஸ்காரர்
"எத்ர பேருண்டு?" என்றார்.
"ஏழு சார்."
அவர் எண்ணத் தொடங்கி
தூக்குச்சட்டிகளுக்கு நடுவே வழி தப்பி
போ என்று கையசைத்தார்.

கொஞ்ச தூரம் போனதும்
வேறொரு சத்தம் கேட்டது.
இத்தனை நாளாய் அது
அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.
பின்கதவுக் கீல் ஆடுகிறது.
வீருசின்னு அதை
ஒரு கையால் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள்.